மஞ்சள் பையில் போனது

"கால் வீங்குறதெல்லாம் நார்மல்க்கா. மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். காலுக்குத் தலையணை வெச்சுப் படு."

இதை ஃபோனில் சொன்னது நான்தான். அப்போது பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு, நான்காவது செமஸ்டர். மறுநாள் இன்டர்னல். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு கையில் ஜெராக்ஸ் நோட்ஸ், இன்னொரு கையில் ஃபோன். அக்கா அடுத்து, "தலையும் வலிக்குதுடி, ரெண்டு நாளா விடவே இல்ல"ன்னு சொன்னாள். "ஃபோனைப் பார்க்காம தூங்குக்கா, சரியாயிடும்"னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

நம்ம மின்னிதழுக்கு ஏதாவது எழுதித் தான்னு எடிட்டர் மூணு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கான். எழுதறதா இருந்தா இதைத்தான் எழுதணும்னு இருந்தேன். அதனால கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. நடுவுல ஸ்டெம் செல், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் வரும். மெக்கானிக்கல் பசங்க அங்கே மட்டும் படிச்சாலும் சரி.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். எங்க ஊர் அக்காள்மடம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போற ரோட்டில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கு. உங்கள்ல பாதிப் பேர் பஸ் ஜன்னலில் கடல் பார்த்துக்கிட்டே எங்க ஊரைக் கடந்து போயிருப்பீங்க, போர்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. சேதுபதி ராஜாவோட இரண்டு மகள்கள் நினைவாக் கட்டின மடங்கள்தான் இந்த இரண்டு ஊரும்னு பெரியவங்க ஒரு கதை சொல்வாங்க. எங்க வீட்டில் என்ன வேடிக்கைன்னா, அக்காவைக் கட்டிக்கொடுத்தது தங்கச்சிமடத்தில், தங்கச்சி நான் இருக்கறது அக்காள்மடத்தில். மச்சான் கல்யாணத்தன்னைக்கே இதை வெச்சு நாலு தடவை ஜோக் அடிச்சாச்சு. நீங்க புதுசா ஒண்ணும் சொல்லிட முடியாது.

நான் ஃபோனை வெச்ச மறுநாள் காலையில் கிராம சுகாதார செவிலியர், எங்க பக்கம் நர்ஸம்மா, வழக்கமான விசிட்டுக்கு வந்திருக்காங்க. அக்காவுக்கு அப்போது 30 வாரம். அவங்க அக்கா முகத்தைப் பார்த்ததுமே, "மோதிரத்தைக் கழட்டு பார்ப்போம்"னு கேட்டாங்களாம். மோதிரம் கழலலை. பிபி பார்த்தாங்க, 160/110. கொஞ்ச நேரம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தாங்க, அதே அளவு. யூரின்ல புரதம் மூணு ப்ளஸ். "கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி இருக்கா?" அக்கா ஆமான்னு சொன்னதும் அவங்க வேற எதுவும் கேட்கலை, 108க்குப் போட்டுட்டாங்க.

அப்பா நண்டு வலை போட்டுட்டு இன்னும் கரைக்கு வரலை. அம்மாவும் மச்சானும் வண்டியில் ஏறினாங்க. பாலத்துக்கு மேல போகும்போது அக்கா, "லைட்டை அணைக்கச் சொல்லும்மா, கண்ணு கூசுது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாளாம். அங்கிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். நான் அந்த நேரத்தில் இன்டர்னல் எழுதிக்கிட்டு இருந்தேன். மூணாவது கேள்வி செல் கல்ச்சர். நல்லாவே எழுதியிருந்தேன், 46 மார்க்.

அக்காவுக்கு வந்தது ப்ரீஎக்ளாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90க்கு மேல ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளைன்னு ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பிக்கிற நோய். அது முத்தி வலிப்பு வந்தால் எக்ளாம்ப்சியா. பழைய ஆட்கள் சூல் வலிப்புன்னு சொல்வாங்க. உலகத்தில் 100 கர்ப்பத்தில் 2 முதல் 8 வரை இது வருது. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டாங்க. 2002இல் பல நாடுகளில் நடந்த மேக்பை ஆய்வில், வலிப்பு வரும் வாய்ப்பை இந்த ஊசி பாதிக்கும் மேல குறைக்குதுன்னு தெரிஞ்சது. நம்ம கெமிஸ்ட்ரி லேப்ல பாட்டிலில் இருக்கிற அதே எப்சம் உப்புதான், ஊசிக்கேற்ற சுத்தத்தில். குழந்தையோட நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசியும் போட்டாங்க. ஆனா எதுவுமே நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை. டாக்டர் அம்மாகிட்ட சொன்னது இதுதான்: "நஞ்சு உள்ள இருக்கற வரைக்கும் இது போகாதும்மா. அதை எடுத்தாத்தான் வழி."

நான் இரவு பஸ் பிடிச்சுக் காலையில் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் சிசேரியன். பெண் குழந்தை, 1,240 கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டும் ஒரு கால் கிலோ பாக்கெட்டும் சேர்த்துத் தூக்கிப் பாருங்க. அவ்வளவுதான் இருந்தா. நேரா பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டு போயிட்டாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வந்த டாக்டர் அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. "நஞ்சு ரொம்பச் சின்னதா இருந்தது. அங்கங்க வெள்ளையா செத்துப்போன திட்டு. பாப்பாவுக்குச் சாப்பாடு சரியாப் போகல." நான் சட்டுன்னு, "அதைப் பார்க்கலாமா டாக்டர்?"னு கேட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, "அது போயிடுச்சேம்மா"ன்னாங்க. மஞ்சள் பை. சட்டசபையில் சொல்ற மஞ்சப்பை இல்லைங்க. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி மனித உடல் திசுக்கள் போக வேண்டிய மஞ்சள் நிறப் பை. அங்கிருந்து எரிக்கிற இடத்துக்கு. அன்று காலையில் அந்தப் பைகளைத் தள்ளுவண்டியில் வெச்சு ஒரு அக்கா தள்ளிக்கிட்டுப் போனதை நான் பார்த்தேன், வழிவிட்டு ஒதுங்கியும் நின்னேன்.

அந்த உறுப்புக்குப் பேரே நமக்குச் சரியா இல்லை, கவனிச்சிருக்கீங்களா? ஊரில் நஞ்சு, நஞ்சுக்கொடி. நம்ம பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தாய்-சேய் இணைப்புத்திசு. இலங்கைப் புத்தகங்களில் சூல்வித்தகம். எனக்குப் பிடிச்சது கடைசிப் பேர்தான், ஆனா அதை எங்க அம்மாகிட்ட சொன்னா சாமி பேர்னு நினைப்பாங்க. பாட்டி காலத்தில் வீட்டில் பிரசவம் நடந்தால் நஞ்சைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைச்சிருக்காங்க. மாடு கன்னு போட்டால் வைக்கோலில் சுத்தி ஆலமரத்தில் கட்டுவாங்க. பால் வடியற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும்னு நம்பிக்கை. நம்பிக்கை சரியோ தப்போ, அதுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கு. தொப்புள்கொடி உறவுன்னு மேடைக்கு மேடை பேசறோம். எங்க கடற்கரையில் அந்த வார்த்தையைக் கேட்காம ஒரு வருஷம் போகாது. அந்தக் கொடியோட மறுமுனை எதில் முளைச்சிருக்குன்னு யாரும் பேசினதில்லை.

பாப்பா 38 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அக்கா நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வெச்சுக் கங்காரு பராமரிப்பு செஞ்சுக்கிட்டே இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேற ஒண்ணு ஆரம்பிச்சது. பார்க்க வந்தவங்க எல்லாம் காரணம் சொன்னாங்க. கருவாடு தின்னா, அதான் உப்பு ஏறிடுச்சு. கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தா. எல்லாத்துக்கும் மேல, அக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். ஏழு மாசத்திலும் மிஷின் மிதிச்சாள், அந்த அதிர்ச்சிதான் குழந்தையைக் கலக்கிடுச்சுன்னு ஒருத்தர் சொல்லி, அது அப்படியே நின்னுடுச்சு. அக்கா மிஷினைத் துணி போட்டு மூடி வெச்சிட்டாள். ஒருநாள் ராத்திரி என்கிட்ட கேட்டாள்:

"நீ இதைத்தானே படிக்கிற? உண்மையைச் சொல்லு. நான் மிஷின் மிதிச்சதாலதானா?"

எனக்குப் பதில் தெரியலை. 46 மார்க் வாங்கியும் தெரியலை. "இருக்காதுக்கா"ன்னு மட்டும் சொன்னேன். "இருக்காது"ங்கிறதுக்கும் "இல்லை"ங்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கும் புரிஞ்சது.

அந்த செமஸ்டர் லீவு முழுக்க நான் படிச்சதை இப்போ சொல்றேன்.

கரு உண்டாகி ஐந்தாவது நாள் வாக்கில் அது ஒரு குட்டிப் பந்து. பந்தோட உள்ளே ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கிற கொத்து பிற்பாடு குழந்தை ஆகும். வெளித்தோல் மாதிரி இருக்கிற செல்கள் குழந்தை ஆகாது. அவைதான் ட்ரோஃபோபிளாஸ்ட், நஞ்சுக்கொடியோட பெரும்பகுதியை உண்டாக்குறவை. அதாவது நஞ்சுக்கொடி அம்மாவோட உறுப்பு இல்லை, குழந்தையோட உறுப்பு. குழந்தைக்கு முன்னாடியே வேலைக்குச் சேர்ந்து, குழந்தை வந்ததும் வேலையை விட்டுப் போற ஒரே உறுப்பு.

இந்த ட்ரோஃபோபிளாஸ்ட்டின் அடித்தள செல்கள் இரண்டு வழியில் போகும். ஒரு கூட்டம் ஒன்றோடு ஒன்று கலந்து, சுவரே இல்லாத ஒரே பெரிய தோலாக மாறி, அம்மாவோட ரத்தத்திலிருந்து சத்தையும் ஆக்ஸிஜனையும் வாங்கித் தரும். இன்னொரு கூட்டம் படை மாதிரி கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே ஊர்ந்து போகும். அங்கே அம்மாவோட ரத்தக்குழாய்கள் சுருள் சுருளா, குறுகலா இருக்கும். அந்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்தி, வாயை ஐந்து முதல் பத்து மடங்கு அகலமாக்குறதுதான் இந்தப் படையோட வேலை.

மெக்கானிக்கல் நண்பர்களே, உங்க இடம் வந்தாச்சு. குழாய் வாய் அகலமானால் வேகம் என்னாகும்? முதல் வருஷம் படிச்ச கன்டினியூட்டி சமன்பாடுதான். கேம்பிரிட்ஜில் கிரஹாம் பர்ட்டன் குழு 2009இல் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. சரியா அகலமான குழாயிலிருந்து ரத்தம் விநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவா வந்து சேரும். அகலமாகாத குழாயிலிருந்து விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல பீய்ச்சி அடிக்கும்.

எங்க ஊர்ப் பக்கம் மல்லிகை நாற்றுக்குப் பேர் போனது. தங்கச்சிமடம் நாற்றுதான் மதுரை வரைக்கும், அதுக்கு மேலயும் போகுது. மணல் பாத்தியில் குச்சியை நட்டுத் தண்ணி விடறவங்களைக் கேளுங்க. ஹோஸை நேரா பாத்தியில் அடிச்சா மணல் அரிச்சுக் குச்சி சாஞ்சிடும். தண்ணி அதிகம்தான், ஆனா குச்சிக்குப் போய்ச் சேராது. நஞ்சுக்கொடியில் நடக்கிறதும் அதுதான். பீய்ச்சுற ரத்தம் மென்மையான இழைகளை அடிச்சுச் சேதப்படுத்தும், ஆக்ஸிஜன் ஏறி இறங்கும். அடி வாங்கின நஞ்சுக்கொடி அம்மாவோட ரத்தத்தில் சில பொருட்களைக் கொட்ட ஆரம்பிக்கும்.

எந்தப் பொருள்? இந்த இடத்தில் நம்ம ஊர் ஆள் ஒருத்தர் வர்றார். அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சவர், சிறுநீரக மருத்துவர். பாஸ்டனில் இருந்தபோது 2003இல் அவரும் ஷரன் மேனார்டும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவங்க நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1னு ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்குதுன்னு காட்டினாங்க. ரத்தக்குழாய்ச் சுவர் நல்லா இருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை இந்தப் புரதம் பஞ்சு மாதிரி உறிஞ்சிடும். அதை எலிகளுக்குள் செலுத்தினப்போ பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போச்சு. நர்ஸம்மா டியூப்பில் பார்த்த மூணு ப்ளஸ் எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா? இருபது வருஷம் கழிச்சு 2023இல், இந்தப் புரதத்தையும் பிஎல்ஜிஎஃப் என்கிற இன்னொன்றையும் ஒப்பிடுகிற ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. சிறுநீரக டாக்டர் ஒருத்தருக்கு நஞ்சுக்கொடியில் என்ன வேலைன்னு அன்னைக்கு யாராவது கேட்டிருப்பாங்க. டிபார்ட்மென்ட் பிரிச்சுப் பார்க்கிறவங்களுக்கு இதைக் காட்டணும்.

ஆனா இது கதையோட கடைசிப் பாகம்தான். படை ஏன் சரியா உள்ளே போகலை? அது நடக்கிறது மூன்றாவது, நான்காவது மாசத்துக்குள். அப்போ அம்மாவுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. டாக்டர் கையில் நஞ்சுக்கொடி வந்து சேர்றதோ பிரசவத்தன்னைக்கு. திருட்டு நடந்து அஞ்சாறு மாசம் கழிச்சு, வீட்டையும் இடிச்ச பிறகு போலீஸைக் கூப்பிடற மாதிரி. கர்ப்பிணி உடம்பில் பரிசோதனை செய்யவும் கூடாது. எலியில் பார்க்கலாம்னா எலியோட கர்ப்பமே மூணு வாரம். அதோட நஞ்சுக்கொடி மனுஷ நஞ்சுக்கொடி அளவுக்கு ஆழமா உள்ளே போறதில்லை. அதுக்கு இந்த நோய் தானா வர்றதும் இல்லை.

அப்போ என்ன வழி? படையை உண்டாக்குற அடித்தள செல்லையே எடுத்து வெளியே வளர்த்தால்? அதுதான் ட்ரோஃபோபிளாஸ்ட் ஸ்டெம் செல். எலியில் 1998இலேயே முடிஞ்சது, டொரோண்டோவில் ஜேனட் ரோசன்ட் ஆய்வகத்தில் சத்தோஷி தனாகாவும் மற்றவர்களும் செய்தாங்க. அதே முறையை மனுஷ செல்லுக்கு வெச்சால் வளரலை. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, இருபது வருஷம்! 2018இல்தான் ஜப்பானில் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிரோவாகி ஒகாயே, தகாஹிரோ அரிமா குழு அதைச் சாதிச்சது. என்ன பண்ணினாங்கன்னு பார்த்தால், கல்ச்சர் மீடியத்தில் எதைச் சேர்க்கணும், எதைத் தடுக்கணும்ங்கிற கலவைதான். வின்ட், இஜிஎஃப் சிக்னல்களைத் தூண்டிவிட்டு, டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்து, இன்னும் சிலதைச் சேர்த்தாங்க. மறுபடி எனக்கு மல்லிகைப் பாத்திதான் ஞாபகம் வந்தது. குச்சி ஒண்ணுதான். மண்ணும் தண்ணியும் மாறினால் ஒரு ஊரில் வேர் விடும், இன்னொரு ஊரில் காயும்.

அதே 2018இல் கேம்பிரிட்ஜில் மார்கெரிட்டா டர்கோ, ஆஷ்லி மோஃபெட் குழு முப்பரிமாணமா குட்டி நஞ்சுக்கொடி உருண்டைகளை வளர்த்தாங்க, ஆர்கனாய்டுனு பேர். அது வளர்ந்த மீடியத்தில் மெடிக்கல் ஷாப்பில் விக்கிற கர்ப்பப் பரிசோதனைக் குச்சியை வெச்சுப் பார்த்தால் பாசிட்டிவ் காட்டிச்சு! கர்ப்பம் இல்லை, குழந்தை இல்லை, கிண்ணத்தில் கொஞ்சம் செல், அதுக்கே இரண்டு கோடு. இதைப் படிச்சப்போ ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணிக்குத் தனியா சிரிச்சேன். ரூம்மேட் எழுந்து லைட் போட்டாள்.

இதில் ஒரு சிக்கல் உங்களுக்கே தோணியிருக்கும். முதல் மூன்று மாதத்து செல் வேணும்னா, பெரும்பாலும் தொடராமல் போன கர்ப்பங்களிலிருந்துதான், அந்தப் பெண்கள் சம்மதத்தோடு எடுக்க முடியும். அந்தக் கர்ப்பம் தொடர்ந்திருந்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா வந்திருக்குமான்னு யாருக்கும் தெரியாது. இதுக்கு ஒரு சுத்துவழி இருக்கு. 2006இல் யமனாகா எலியிலும் 2007இல் மனுஷனிலும் காட்டின ஐபிஎஸ் முறை, நம்ம சிலபஸில் இருக்கே, அதேதான். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகக் குழு, இந்த நோய் சீக்கிரமே வந்த அம்மாக்களின் குழந்தைகளோட தொப்புள்கொடித் துண்டை வாங்கினாங்க. அந்த செல்லைப் பின்னோக்கி ஓட்டி ஸ்டெம் செல் ஆக்கி, அதிலிருந்து ட்ரோஃபோபிளாஸ்ட் ஆக்கினாங்க. அதாவது மஞ்சள் பைக்குப் போக வேண்டிய ஒரு துண்டிலிருந்து, எட்டு மாசத்துக்கு முன்னாடி நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாங்க. 2019இல் முடிவு வந்தது. ஆக்ஸிஜன் குறைவா இருந்தபோது நோய்க்காரக் குழந்தைகளின் செல்லும் மற்ற செல்லும் ஒரே மாதிரிதான் ஊர்ந்து போச்சு. ஆக்ஸிஜனை ஏத்தினப்போ நோய்க்காரக் குழந்தைகளின் செல் பின்தங்கிடுச்சு. சாதாரண நாளில் தெரியாத பலவீனம், நெருக்கடியில் தெரியுது.

கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சௌமன் பால் ஆய்வகம் இன்னொரு பக்கம் போனாங்க. திரும்பத் திரும்பக் கருக்கலையும் பெண்களிடமிருந்தே ட்ரோஃபோபிளாஸ்ட் ஸ்டெம் செல் எடுத்தாங்க. சிலரோட செல்லில் டீட்-4 என்கிற மரபணு மந்தமா இருந்தது, அந்த செல்கள் சரியாப் பெருகலை. டீட்-4ஐத் திரும்பக் கொடுத்ததும் பெருகிச்சு. 2020இல் வெளியான ஆய்வு. "காரணம் தெரியாது"ன்னு ஃபைலில் எழுதி அனுப்பப்பட்ட பெண்கள் அவங்க. அதில் சிலருக்காவது ஒரு காரணம் கிடைச்சது.

இதெல்லாம் மருந்தா மாறி மெடிக்கல் ஷாப்புக்கு வந்துடலை. கிண்ணத்தில் அம்மாவோட ரத்த ஓட்டம் இல்லை, கர்ப்பப்பையோட நோய் எதிர்ப்பு செல்கள் இல்லை. அதனால்தான் பென்சில்வேனியாவில் டான் ஹூ மாதிரி ஆட்கள் சிப்புக்குள் இரண்டு வாய்க்கால் வெட்டி, ஒன்றில் அம்மா பக்கம், இன்னொன்றில் குழந்தை பக்கம்னு நஞ்சுக்கொடியைச் செய்து பார்க்கிறாங்க. மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்க கவனிங்க. நம்ம நாட்டில் 2015இல் தொடங்கின கர்ப்-இனி ஆய்வில், குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வர்ற பெண்களை ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து பார்த்து, ரத்தம், நஞ்சுக்கொடி எல்லாம் சேமிச்சு வைக்கிறாங்க. அங்கே முக்கியமா பார்க்கிறது குறைப்பிரசவத்தை. எட்டாயிரத்துக்கும் மேலான பெண்கள். எங்க ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது. அங்கேயும் ஒரு ஃப்ரீசர் அப்படி வரணும்னு எனக்கு ஆசை.

இடையில் ஒரு எச்சரிக்கை. "நஞ்சுக்கொடி ஸ்டெம் செல்"னு கூகுளில் தேடினால் வர்றது பாதி விளம்பரம். காசு கட்டி உங்க குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பாதுகாத்து வையுங்கள் வகை. அது வேற செல், வேற கதை. தேவை இல்லாத குடும்பங்கள் தனியார் வங்கியில் இப்படிச் சேமிக்கிறதை ஐசிஎம்ஆர் பரிந்துரைக்கிறதில்லை. நான் பேசற ட்ரோஃபோபிளாஸ்ட் செல்லை வெச்சு யாருக்கும் சிகிச்சை தர முடியாது. அது கேள்வி கேட்கத்தான்.

சரி, அக்காவோட கேள்விக்கு வர்றேன். லீவு முடிஞ்சு கிளம்பறதுக்கு முந்தின நாள் தங்கச்சிமடம் போனேன். பாப்பா தொட்டிலில் தூங்கிக்கிட்டு இருந்தாள். ஒரு பழைய நோட்டில் குழாய் படம் வரைஞ்சு எல்லாத்தையும் சொன்னேன். "நீ ஏழாம் மாசம் மிஷின் மிதிச்சது இல்லக்கா. இது ஆரம்பிச்சது நீ வாந்தி எடுத்துக்கிட்டுப் படுத்திருந்தியே, கிட்டத்தட்ட அப்பவே. கருவாடும் இல்ல, கிரகணமும் இல்ல. அந்தப் படை முழுசா உள்ள போகல."

ரொம்ப நேரம் படத்தையே பார்த்துட்டு, "அப்ப யாரு தப்பு?"ன்னு கேட்டாள்.

"யார் தப்பும் இல்லக்கா."

"பாப்பாவோட செல்லுதானே அது? அப்ப பாப்பா மேல பழி போடறியா?"

நான் திடுக்கிட்டுப் போனேன். இந்தக் கேள்வி நான் படிச்ச எந்தப் பேப்பரிலும் இல்லை. "இல்லக்கா, அவளும் உன் உடம்பும் சேர்ந்து செய்யற வேலை அது. ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு சரியா நடக்கல, அவ்வளவுதான்"னு ஏதோ சொன்னேன். சரியான பதிலான்னு இப்பவும் நிச்சயமாச் சொல்ல முடியலை.

அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அக்கா, கால் வீக்கம் நார்மல்னு நான்தானே உன்கிட்ட சொன்னேன். தலைவலின்னு சொன்னப்பக்கூட..."

"ஆமா. நீ சொன்னேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல"ன்னாள். அவ்வளவுதான். பால் பொங்குதுன்னு எழுந்து போயிட்டாள்.

உங்க வீட்டிலும் அக்கா, அண்ணி, சித்தி யாராவது மாசமா இருப்பாங்க. எஞ்சினியரிங் படிக்கிறோம்னு உங்களையும் கேட்பாங்க, ஏன்னா நம்ம கையில்தான் எப்பவும் ஃபோன் இருக்கு. கால் வீக்கம் நிறைய பேருக்கு வரும், அது மட்டும்னா பெரும்பாலும் ஒண்ணுமில்லை. ஆனா அஞ்சு மாசத்துக்கு மேல முகமும் கையும் திடீர்னு வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண்ணில் பூச்சி பறந்தால், வலது பக்க விலாவுக்குக் கீழே வலிச்சால், அன்னைக்கே பிபி பார்க்கணும். நாளைக்கு இல்லை. "நார்மல்"ங்கிற வார்த்தையை மெஷின் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க.

பாப்பாவுக்கு இப்போ கிட்டத்தட்ட இரண்டு வயசு. புதுப் பாலத்தில் ரயில் போற சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். அக்கா மிஷின் மேல இருந்த துணியை எடுத்துட்டாள், போன தீபாவளிக்கு இருபத்திரண்டு பிளவுஸ். இப்போ மறுபடியும் மாசமா இருக்காள், 19 வாரம். ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்ங்கிறதால் 12ஆவது வாரத்திலிருந்தே டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருக்காங்க, தினமும் ராத்திரி ஒண்ணு. 2017இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இது 37 வாரத்துக்கு முன்னாடி வர்ற வகையை 60 சதவீதத்துக்கும் மேல குறைச்சது. தானா வாங்கிப் போடற மாத்திரை இல்லை, டாக்டர்தான் முடிவு செய்யணும்.

போன வாரம் ஃபோனில் பேசும்போது சும்மா கேட்டேன். "அக்கா, ஒருவேளை ஆராய்ச்சிக்குன்னு யாராவது முறைப்படி எழுதிக் கேட்டா, இந்தத் தடவை நஞ்சைக் குடுப்பியா?"

"தூக்கிப் போடறதுதானே, எடுத்துக்கட்டும். என் பேரை மட்டும் போடக் கூடாது. அப்புறம், என்ன கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கு வந்து சொல்லணும். இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போகக் கூடாது."

நர்ஸம்மா ஒவ்வொரு வாரமும் வர்றாங்க. பிபி பார்த்ததும் அக்கா மெஷினோட டிஸ்ப்ளேயைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுவாள், வேற ஒண்ணும் எழுத மாட்டாள். நேத்து வந்தது 118/76.